எல்லாரும் மூலநிரலைத் திறந்து பார்க்கிறார்களா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் ஆய்வகத்தை முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு (மூலநிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடியது) மாற்றலாமா என்று துறையில் பேச்சு நடக்கிறது. மாற்றலாம் என்பதே என் கட்சி. ஆனால் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "பெரிய நிறுவனங்களே மாணவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள், அப்புறம் என்ன? மூலநிரல் திறந்திருக்கிறது என்கிறீர்களே, உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்?" என்றார். உண்மையைச் சொன்னால் ஒருவர்கூட இல்லை. இது வெறும் கொள்கைப் பிடிவாதம்தானா?

இன்னொன்று. என் பாடக்குறிப்புகளை இணையத்தில் போட நினைக்கிறேன். எந்த உரிமத்தில் போடுவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பேராசிரியர் கேட்டது நல்ல கேள்வி. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் வழக்கமாக நழுவிப்போகிற இடமும் அதுதான். நிரல் திறந்திருந்தால் மாணவர்கள் படித்துத் தேறிவிடுவார்கள் என்று மேடையில் சொல்லலாம். படிக்க மாட்டார்கள். நூலகம் திறந்திருக்கிறது என்பதற்காக எல்லாரும் உள்ளே போய்விடுவதில்லை. ஆனால் ஆசிரியர் நினைத்தால் வகுப்பில் அதைப் பிரித்து வைத்துப் பாடம் நடத்தலாமா, கூடாதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பழைய கதை ஒன்று உண்டு.

1970களின் நடுவில், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்பவர் இயங்குதளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பில் கர்னல், அதாவது அதன் மையப் பகுதி, அப்போது சுமார் 9,000 வரிதான். அதை அப்படியே அச்சிட்டு, வரி எண் போட்டு, கூடவே விளக்கம் எழுதினார். மூலமும் உரையும் என்று நாம் சொல்வோமே, அதே முறை. அந்த நிரலில் ஒரு செயலிலிருந்து இன்னொரு செயலுக்குக் கணினி தாவுகிற இடத்தில், "இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை" என்று ஒரு குறிப்பு இருக்கும். கர்வமான வரி என்று பலரும் நினைத்தார்கள். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பிற்பாடு விளக்கம் சொன்னார்: "இது பரீட்சையில் வராது" என்கிற தொனியில் எழுதியதாம், அசல் சிக்கல், அங்கே என்ன நடக்கிறதென்று தங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்பதாம். யூனிக்ஸை உருவாக்கியவர்களே தடுமாறிய இடத்தை மாணவன் விரல் வைத்துப் பார்க்கலாம். எந்தப் பாடப்புத்தகம் இதைக் கொடுக்கும்?

1979இல் ஏழாம் பதிப்பு வந்தது. கூடவே யூனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனத்தின் புது நிபந்தனையும் வந்தது: மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது. அவ்வளவுதான். பல பல்கலைக்கழகங்கள் யூனிக்ஸைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டு வெறும் கோட்பாட்டை நடத்தின. லயன்ஸின் உரை நகலுக்கு நகலாகக் கைமாறித் திரிந்தது. முறையாகப் புத்தகமாக வெளிவர 1996 ஆயிற்று. ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஆண்ட்ரூ டானன்பாம், பாடம் நடத்த வேறு வழியில்லை என்று, ஏடி அண்ட் டியின் நிரலில் ஒரு வரிகூட எடுக்காமல் மினிக்ஸ் என்று ஒரு சிறிய இயங்குதளத்தைத் தானே எழுதி, 1987இல் பாடப்புத்தகத்தோடு சேர்த்து வெளியிட்டார். 1991இல் ஹெல்சின்கி மாணவர் ஒருவர் தன் கணினியில் அந்த மினிக்ஸைப் போட்டு, போதாது என்று தோன்றி, தானே ஒரு கர்னல் எழுத ஆரம்பித்தார். அவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அந்தக் கர்னல்தான் லினக்ஸ்.

உங்கள் வகுப்பிலும் ஒரு டோர்வால்ட்ஸ் உட்கார்ந்திருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. அது லாட்டரிச் சீட்டு விற்கிறவர் பேச்சு. நான் பார்க்கச் சொல்வது 1979ஐ. அதற்கு முன்பும் பல்கலைக்கழகங்களுக்கு யூனிக்ஸைத் தாராளமாகத்தான் கொடுத்தார்கள். கொடுத்தவர் மனம் மாறியதும் பாடம் போய்விட்டது. இன்று மாணவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கிற மென்பொருளும் இதே ரகம்தான். படிப்பு முடிந்ததும் சலுகை முடியும். நிபந்தனை எப்போது மாறும் என்பது உங்கள் கையில் இல்லை. கட்டற்ற மென்பொருளுக்கான குனு பொது உரிமத்தில் வெளியான ஒரு பதிப்பை நீங்கள் வாங்கி வைத்துவிட்டால், அதன் நிபந்தனையை மீறாதவரை, அந்த அனுமதியை யாரும் திரும்பப் பெற முடியாது. பேராசிரியருக்கு என் பதில் இதுதான். எத்தனை பேர் படித்தார்கள் என்கிற கணக்கில் இது அடங்காது.

மென்பொருளைத் தாண்டியும் ஓர் உதாரணம் சொல்கிறேன். பொருளாதார அறிஞர்கள் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சுருண்டுவிடும் என்று அதை வைத்துப் பல நாட்டு அரசியல்வாதிகள் பேசினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. கேட்டதும் அவர்கள் தங்கள் எக்செல் கோப்பை அனுப்பினார்கள். சராசரி எடுக்கிற சூத்திரம் 49ஆம் வரி வரை போக வேண்டியது, 44இலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. தரவுத் தேர்விலும் எடையிடுவதிலும் இருந்த மற்றக் குறைகளையும் சரிசெய்தபோது, 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளுக்கு மைனஸ் 0.1 சதவீதம் என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதம் ஆயிற்று. எக்செல் கட்டற்ற மென்பொருள் இல்லை, தெரியும். ஆனால் கணக்குப் போட்ட வழி கைக்கு வந்ததால்தான் பிழை எங்கே என்று தெரிந்தது. கட்டுரைக்குப் பின்னால் இருக்கிற கணக்கே ஒரு மென்பொருளாகி, அதுவும் மூடியிருந்தால், கோப்பு கிடைத்தும் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான்.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். ஒரே விடுமுறையில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். பழைய கோப்புகள் புதிதில் கோணலாகத் திறக்கும், பிரிண்டர் மக்கர் பண்ணும், பழி முழுக்க லினக்ஸ் மேல் விழும். இடைமுகத்தை மாற்றிவிட்டு, பழையபடி எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் நடத்தினால் மாற்றியதற்கு அர்த்தமும் இல்லை. ஒரு பாடத்தில் தொடங்குங்கள். 'கேட்' (கோப்பைத் திரையில் காட்டுவது), 'டபிள்யூசி' (வரி, சொல், எழுத்துகளை எண்ணுவது) மாதிரி சின்னக் கட்டளை ஒன்றின் நிரலை எடுத்து ஒரு வாரம் வகுப்பில் வாசியுங்கள். சொல் எங்கே முடிகிறது என்று 'டபிள்யூசி' எப்படி முடிவுசெய்கிறது என்று கேளுங்கள், அப்புறம் ஒரு தமிழ்க் கோப்பைக் கொடுத்து எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள். 'கி' ஓர் எழுத்தா இரண்டா என்பதில் வகுப்பு ரெண்டுபடும். எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கிற யூனிகோடு முறை அதை 'க' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாகத்தான் வைத்திருக்கிறது. மாணவர்கள் தாங்களாக நிரலைத் திறக்கிற முதல் நாள் அதுவாக இருக்கலாம்.

பாடக்குறிப்புக்கு கிரியேட்டிவ் காமன்ஸின் பிஒய்-எஸ்ஏ உரிமம் போதும். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், திருத்தியதை இதே உரிமத்தில் வெளியிட வேண்டும். வணிகப் பயன்பாடு கூடாது என்கிற நிபந்தனையைச் சேர்க்கப் பலருக்கும் கை பரபரக்கும். சேர்த்தால் விக்கிப்பீடியாவால் உங்கள் குறிப்பை எடுத்துக்கொள்ள முடியாது. காசுக்கு நகல் போட்டுக் கொடுப்பவரும் யோசிப்பார். அப்புறம், பிடிஎஃப் மட்டும் போடாதீர்கள். திருத்தக்கூடிய மூலக்கோப்பையும் பக்கத்திலேயே வையுங்கள்.