பாஸ் தூண்டில் விராலுக்குப் பொருந்துமா? வேலூர் ஏரிகளைப் பற்றிய கேள்வி பதில்

மூங்கில் கழியும் மண்புழுவுமாக ஏரிக்கரையில் தூண்டில் போடத் தொடங்கிய நான், கடந்த 15 ஆண்டுகளாக ராடு (தூண்டில் கழி), ரீல் (நரம்பு சுற்றும் கருவி), செயற்கை இரை ஆகியவற்றைக் கொண்டு விரால் பிடித்து வருகிறேன். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பகுதி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நான் கையால் செய்து பார்த்தவற்றை மட்டும் கொண்டு பதில் எழுதுகிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஐயா, அமெரிக்கர்கள் பாஸ் மீன் பிடிக்கும் காணொளிகளை விரும்பிப் பார்க்கிறேன். மோர்தானா அணையில் பாஸ் கிடைக்குமா? அவர்கள் பயன்படுத்தும் சாமான்கள் இங்கே உதவுமா?

மோர்தானாவில் பாஸ் கிடையாது, தம்பி. பெருவாய் பாஸ் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரிய மீன். 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த, 10 கிலோவைச் சற்றே தாண்டிய பாஸ்தான் இன்றும் உலகச் சாதனையாக நிற்கிறது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அதற்குச் சமமாகப் பதிவாயிற்று. ஜப்பானுக்கு 1925இல் கொண்டுபோகப்பட்ட அந்த மீன், உள்ளூர் மீன்களைத் தின்று தீர்ப்பதால் இன்று அங்கே சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட அயல் இனம். மறுபுறம், நம் விராலின் உறவான ஒரு மீன் 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தின் குளம் ஒன்றில் தென்பட்டபோது, அந்தக் குளத்துக்கே மருந்திட்டு மீன்கள் அனைத்தையும் அழித்தார்கள். ஆகவே பாஸ் குஞ்சுகளை வாங்கி வந்து நம் ஏரியில் விடலாம் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

சாமான்கள் உதவுமா என்றால், பெரும்பாலும் உதவும். விராலும் பாஸைப் போலவே மறைவில் காத்திருந்து பாய்ந்து பிடிக்கும் மீன். செடி ஓரம், நிழல், மதகின் அருகு ஆகிய இடங்களில்தான் இரண்டும் இருக்கும். ஆனால் மூன்று வேறுபாடுகளை மறந்துவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் ஏமாற்றிவிடும். விரால் காற்றைச் சுவாசிக்க மேலே வந்தே ஆகவேண்டும், பாஸுக்கு அந்தத் தேவை இல்லை. விராலுக்குக் கூரான பற்கள் உண்டு, பாஸுக்கு அரம் போன்ற சொரசொரப்பு மட்டுமே. விராலின் மேல்வாய் எலும்பு கல்லைப் போல இறுகியது. தூண்டில் முள் அதில் இறங்குவது எளிதன்று. நரம்பு, முள், இழுப்பு என்று கீழே நான் சொல்லப் போகும் எல்லாமே இம்மூன்றிலிருந்து பிறப்பவைதான்.

காட்பாடியிலிருந்து: முதல் முறையாக ராடும் ரீலும் வாங்குகிறேன். ஸ்பின்னிங் ரீலா, பெய்ட்காஸ்டரா? என்ன அளவு?

முதல் கருவிக்கு ஸ்பின்னிங் ரீலையே எடுங்கள். ராடின் அடியில் தொங்கும், உருளை சுழலாமலே நரம்பை விடும் ரீல் அது; பெய்ட்காஸ்டர் ராடின் மேல் அமர்ந்து, வீசும்போது உருளையும் சுழலும். ரீலின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு எண் 3000 அல்லது 4000 போதும். ராடு 7 அடி இருக்கட்டும். அதன் உடம்பில் ‘மீடியம் ஹெவி’, ‘ஃபாஸ்ட்’ என்று அச்சிட்டிருப்பார்கள். நுனி மட்டும் வளைந்து, நடுப்பகுதி விறைப்பாக நிற்கும் கழி என்பது அதன் பொருள். ஆகாயத்தாமரைக்குள் ஓடும் இரண்டு கிலோ விராலைத் திருப்பி வெளியே கொண்டுவருவது அந்த விறைப்புதான். எந்த எடையுள்ள இரையை வீசலாம் என்பதும் கழியின் மேல் எழுதியிருக்கும். 10 முதல் 25 கிராம் வரை தாங்குவதைத் தேர்ந்தெடுத்தால் ரப்பர் தவளை இரை அனைத்தும் அதில் அடங்கும்.

பணத்தைப் பிரிக்கும்போது ராடைவிட ரீலுக்கும், ரீலைவிட நரம்புக்கும் முள்ளுக்கும் கவனம் கொடுங்கள். மீன் தப்பிப் போன நாட்களை எண்ணிப் பார்த்தால், ராடு முறிந்து போனது அரிது; நரம்பு அறுந்ததும் முள் நிமிர்ந்ததுமே மிகுதி.

அதே நண்பர்: ஏற்கெனவே ஒரு பெய்ட்காஸ்டர் இருக்கிறது, வீசும்போதெல்லாம் நரம்பு குருவிக் கூடாகிவிடுகிறது.

இரை பறக்கும் வேகத்தைவிட நரம்பு உருளை வேகமாகச் சுழலும்போது அப்படிச் சிக்கும். கைப்பிடியின் பக்கத்திலுள்ள சிறு திருகை இறுக்கி, ராடை நேராகப் பிடித்து, பொத்தானை அழுத்தி இரையைக் கீழே விடுங்கள். அது மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை தானாக நிற்கும் அளவுக்குத் திருகைத் தளர்த்துங்கள். இரை நீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரல் உருளையின் மேல் அழுந்தவேண்டும். எதிர்க்காற்றில் வீசாதீர்கள். ஒரு வாரம் மொட்டை மாடியில் பழகினால் போதும்.

வாலாஜாபேட்டையிலிருந்து: பிரெய்டு நரம்புதான் சிறந்தது என்கிறார்கள். ஆனால் காவேரிப்பாக்கம் ஏரியில் எனக்கு அது இருமுறை அறுந்துவிட்டது. ஏன்?

கரைக்கு அடுக்கிய கருங்கல்தான் காரணம். பிரெய்டு பின்னிய இழை. நேர் இழுப்பில் அதன் வலிமைக்கு நிகரில்லை, செடித் தண்டை அறுத்துக்கொண்டே வரும், நீளாது, ஆதலால் தூரத்திலும் முள்ளை ஏற்றமுடியும். ஆனால் இழுபட்ட நிலையில் கூர்ங்கல்லின் விளிம்பில் ஒருமுறை உரசினால் போதும், இழைகள் பிரிந்துவிடும். காவேரிப்பாக்கம் போன்ற நீண்ட கற்கரை உள்ள ஏரியில், மீன் கடைசியாகத் திமிறுவதே அந்தக் கற்களின் மேல்தான்.

ரீலில் 40 பவுண்ட் இழுப்பைத் தாங்கும் பிரெய்டு சுற்றி, அதன் முனையில் இரண்டு அடி நீளத்துக்கு 40 பவுண்ட் மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பை இணைத்துக்கொள்ளுங்கள். மோனோ சற்றுத் தடித்தது, உரசலைத் தாங்கும், விராலின் பல்லையும் தாங்கும். தெளிந்த நீருக்கு ஃபுளோரோகார்பன் நல்லது என்று காணொளிகளில் சொல்வார்கள். அது நீரில் அமிழும் நரம்பு, மிதக்கும் தவளையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு முழத்தை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள்; சொரசொரத்தால் தயங்காமல் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

ஆற்காட்டிலிருந்து: அண்ணா, தவளை இரையை விரால் ‘பொளக்’ என்று அடிக்கிறது, நான் இழுத்தால் வெறும் தவளை மட்டும் முகத்துக்கு நேரே பறந்து வருகிறது. பத்துக்கு எட்டு முறை இப்படித்தான்.

இந்தக் கேள்வியை எனக்கு அனுப்பாதவர் குறைவு. முதலில் தவளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே வெற்றிடமாக இருக்கும் ரப்பர் உடல், முதுகின் இருபுறமும் ஒட்டிப் படுத்திருக்கும் இரட்டை முள். அதன் நடுவயிற்றைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல அழுத்துங்கள். உடல் அமுங்கி இரு முள் நுனிகளும் வெளியே துருத்தவேண்டும். அழுத்தியும் நுனிகள் ரப்பரில் புதைந்தே இருந்தால் மீனின் வாயிலும் அப்படித்தான் இருக்கும். புதுத் தவளை விறைப்பாக இருக்கும். சுடுநீரில் சிறிது நேரம் போட்டெடுத்துப் பிசைந்தால் இளகும். பிறகு குறட்டால் இரு முள்ளையும் ஒரு நூல் அளவுக்கு வெளிப்பக்கம் திருப்புங்கள், அதற்கு மேல் திருப்பினால் செடியில் மாட்டும். முள் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நகர்த்திப் பாருங்கள். வழுக்கினால் மொட்டை, கீறி நின்றால் கூர்.

அடுத்தது, நம் பதற்றம். நீர் வெடித்ததும் கை தானாக இழுத்துவிடுகிறது. அந்தக் கணத்தில் தவளை வாய்க்குள் போயிருக்காது. பாதி நேரம் விரால் தாக்கித் தள்ளியிருக்கும், அவ்வளவே. சத்தத்தைக் கேட்டு இழுக்காமல், தவளை மறைந்ததா என்று கண்ணால் பாருங்கள். மறைந்தால் ராடின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்தி, தொய்ந்த நரம்பைச் சுற்றியெடுத்து, மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு, இரு கைகளாலும் மேல்நோக்கி ஒரே வீச்சாக இழுங்கள். அந்த எலும்பு வாயில் முள் இறங்க அவ்வளவு விசை வேண்டும். ரீலின் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி, இறுக்கமாக இருக்கட்டும். தவளை மறையவில்லை என்றால் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே வாருங்கள். விரால் பின்தொடர்ந்து மறுபடி அடிக்கும். அடிக்காவிட்டால் அதே இடத்துக்கு அப்பால் உடனே மறுபடி வீசுங்கள்.

பாஸுக்குத் தவளையை நிறுத்தி நிறுத்தி ஆட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் விராலுக்கு ஒரே சீராக, தவளை நீந்திக் கடப்பது போல இழுப்பதே என் அனுபவத்தில் மிகுதியாகப் பலன் தருகிறது. காற்று குடிக்க விரால் மேலே வரும்போது ஒரு வளையமும் சில குமிழிகளும் தெரியும். அந்த வளையத்தின் மேலேயே வீசினால் மீன் மிரண்டுவிடும். இரண்டு மீட்டர் தாண்டி வீசி, அதன் மேலாக இழுத்து வாருங்கள்.

ஆம்பூரிலிருந்து: மழைக்குப் பிறகு ஏரி செம்மண் கரைசலாக இருக்கிறது. என்ன நிற இரை போடலாம்?

கருப்பு. நிறம் தெரியாத நீரில் கீழிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, வானத்தின் வெளிச்சத்தில் இரையின் வடிவம் மட்டுமே தெரியும். அதைக் கருப்பைப் போல் எதுவும் காட்டாது. அதிர்வும் துணை செய்யும்: பின்னால் சுழலும் தகடு வைத்த தவளை அல்லது ஸ்பின்னர்பெய்ட் (கம்பியில் சுழலும் தகடு கோத்த இரை) போட்டால், மீன் தன் உடலின் பக்கக்கோட்டால் அதை உணர்ந்து வரும். இடத்தைத் தேர்ந்தெடுப்பது இவற்றைவிட முக்கியம். புதுத் தண்ணீர் இறங்கும் வரத்துக் கால்வாயின் வாயில் நில்லுங்கள். மீன்கள் வரும் நீரை எதிர்த்து ஏறும். 2021 நவம்பரில் பாலாறு பெருகி ஏரிகள் பலவும் நிரம்பி வழிந்து கோடி போனபோது, கால்வாய் ஓரத்து முழங்கால் நீரில்கூட விரால் நின்றதை நான் பார்த்தேன். ஆனால் ஓடும் வெள்ளத்தில் காலை வைக்காதீர்கள், கரையிலிருந்து மட்டும் வீசுங்கள்.

அணைக்கட்டிலிருந்து: கத்திரி வெயிலில் தூண்டிலுக்குப் போகலாமா?

விடிவதற்கு முன் போய், எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். நீர் சூடேறச் சூடேற, அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும். காற்றைக் குடிக்கும் விராலுக்கு அது பெருந்துன்பம் இல்லை என்றாலும், வெயிலில் செடி நிழலை விட்டு வராது. குறைந்த நீரில் ஒடுங்கி நிற்கும் மீனைப் பிடிப்பது எளிது என்பதால் கிடைத்ததையெல்லாம் எடுத்துவிடாதீர்கள். ஏரி வற்றினாலும் சேற்றுக்குள் புதைந்து மழைவரை உயிர் பிடித்திருக்கும் மீன் அது. அடுத்த ஆண்டின் விதை அதுதான்.

திருப்பத்தூரிலிருந்து: டெக்சாஸ் ரிக் இங்கே தேவையா?

ஆண்டியப்பனூர் அணை போன்ற ஆழமான நீரிலும், நீருக்கடியில் வேலம்பாசி அடர்ந்த இடத்திலும் தேவை. துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயத்தை நரம்பில் கோத்து, ரப்பர் புழுவின் உடலுக்குள் முள் நுனியை மறைத்துக் கட்டும் முறை அது. மெல்லத் தரையோடு நகர்த்தவேண்டும். மேல்நீரில் மீன் அடிக்கும் நாளில் இதைத் தொடவேண்டியதில்லை.

பேரணாம்பட்டிலிருந்து: விரால் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தவளையை வீசினால் தாய் மீன் கட்டாயம் அடிக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

உண்மை. செய்யாதீர்கள். செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரு பந்தாகச் சுழன்று, காற்றுக்காக மேலே வரும்போது நீர்ப்பரப்பு தூறல் விழுவது போல நடுங்கும். அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அப்போது அவை தவளையை அடிப்பது பசியால் அல்ல, குஞ்சுகளைக் காக்க. அந்த இணையைத் தூக்கிவிட்டால், சுற்றியுள்ள குறவையும் கெளுத்தியும் அந்தப் பந்தை விரைவிலேயே கரைத்துவிடும். ஓர் இரவுச் சாப்பாட்டுக்காக ஓர் ஏரியின் தலைமுறையை எடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தெரியாமல் மாட்டிக்கொண்டால் அதே இடத்தில் உடனே விட்டுவிடுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு 11 வயது. அவனுக்கு என்ன வாங்கித் தரலாம்?

அவனுக்கு இப்போது ரீல் வேண்டாம், அம்மா. 8 அடி மூங்கில் கழி, மெல்லிய நரம்பு, ஒரு தக்கை, சிறு முள், மண்புழு அல்லது மைதா உருண்டை. ஜிலேபி மீனும் கெண்டையும் அவனுக்குப் போதுமான ஆசிரியர்கள். தக்கை அமிழ்வதற்கும் நடுங்குவதற்கும் உள்ள வேறுபாடு அவன் கண்ணுக்குப் பழகிவிட்டால், பின்னால் தவளை மறைந்ததா என்று பார்க்கும் பொறுமை தானே வந்துவிடும். முள் நுனியை ஒட்டிய சிறு எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிக் கொடுங்கள், விரலில் ஏறினாலும் எளிதாக வந்துவிடும். பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் ஏரிக்கு அனுப்பாதீர்கள்.

செய்யாற்றிலிருந்து: பிடித்த மீனைக் காணொளிகளில் கட்டைவிரலை வாய்க்குள் விட்டுத் தூக்குகிறார்களே?

அது பாஸ். விராலிடம் அப்படிச் செய்தால் கட்டைவிரல் கிழியும். தலைக்குப் பின்னால் ஈரத்துணியால் பிடியுங்கள், நீண்ட மூக்குக் குறட்டால் முள்ளை எடுங்கள். திரும்ப விடும் மீனைச் சுடுகல்லில் கிடத்தாதீர்கள். அதன் மேலுள்ள வழவழப்புதான் அதற்கு நோய்க் காப்பு.

திருவண்ணாமலையிலிருந்து: சாத்தனூர் அணையில் தூண்டில் போடலாமா? அனுமதி வேண்டுமா?

எங்கு போனாலும் முதலில் கேட்டுவிட்டுப் போடுங்கள். நம் ஏரிகளில் பலவற்றின் மீன் பாசி உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகிறது. குஞ்சு விட்டு வளர்ப்பவர் பணம் போட்டவர். காலையில் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் குத்தகைக்காரரிடம் சென்று, “விரால் மட்டும்தான், தவளைத் தூண்டில்தான்” என்று சொன்னால் பலர் ஒப்புக்கொள்வார்கள். அவர் விட்ட கட்லா, ரோகு குஞ்சுகளை விரால் தின்பதால் சிலர் மகிழவும் செய்வார்கள். அவர் வேண்டாம் என்றால் அடுத்த ஏரிக்குப் போங்கள். சாத்தனூரில் அணை அலுவலகத்திலேயே கேளுங்கள். அங்கே முதலைப் பண்ணை இருப்பது உங்களுக்குத் தெரியும். நீரோரமாக இறங்கி நின்று வீசும் பழக்கத்தை அங்கே கொண்டு போகாதீர்கள்.