கேமரா கேள்வி – பதில்: தெற்குச் சுவரும் மெர்பேங்க் புகையும்

கேள்வி: டர்பன் கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கும் பழைய மாடிக் கடைகளை, இடித்துவிடுவதற்கு முன்பு போனில் எடுத்து வைக்கப் பார்க்கிறேன். தெற்கு பார்த்த முகப்பு எப்போது போனாலும் நிழலில் கிடக்கிறது. கட்டடமும் பின்னால் சாய்ந்தாற்போல் விழுகிறது. என்ன செய்வது?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: முதலில் வெயில். சென்னைக்காரர்களின் யூடியூப் பாடத்தை வைத்துக்கொண்டு இங்கே தென்னாப்பிரிக்காவில் திசை பார்த்தால் ஏமாற்றம்தான். டர்பன் ஏறக்குறைய 30 டிகிரி தென் அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் உச்சிவேளையிலும் சூரியன் 37 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது, அதுவும் வடக்கே. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நேர் தெற்கு பார்த்த சுவரில் ஒரு பொட்டு வெயில்கூட விழாது. எத்தனை மணிக்குப் போனாலும் இதே கதைதான்.

டிசம்பரில் போங்கள். அப்போது சூரியன் கிழக்கிலிருந்து 27 டிகிரி தெற்கே தள்ளி, ஐந்து மணிக்கு முன்பே உதிக்கிறது. காலை சுமார் ஒன்பது வரையும், பிற்பகல் மூன்றுக்குப் பிறகும் தெற்கு முகப்புக்கு வெயில் உண்டு. பக்கத்துக் கட்டடங்களின் நிழல் விலகும்வரை கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரலாம். சுவரை உரசிக்கொண்டு வரும் வெயில் என்பதால் உரிந்த பெயின்ட், வெடித்த காரை, ஜன்னல் மேல் பூவேலை எல்லாம் எடுப்பாகத் தெரியும். ஞாயிறு காலை என்றால் வண்டிகளின் தொல்லையும் குறைவு. டிசம்பர் வரை கட்டடம் நிற்குமா என்று சந்தேகமிருந்தால் மேகமூட்டமான நாளில் எடுங்கள். வெளுத்த வானம் மட்டும் படத்தில் அதிகம் வர வேண்டாம்.

சாய்வதற்குக் காரணம் போனை அண்ணாந்து பிடிப்பது. திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, போனை நட்டக்குத்தலாகப் பிடியுங்கள். படத்தின் கீழ்ப்பாதி வெறும் ரோடாக வரும், வரட்டும், பிறகு வெட்டிவிடலாம். 0.5 என்று காட்டும் அகலக்கோண லென்ஸுக்கு ஆசைப்படாதீர்கள், அது ஓரத்துத் தூண்களை இழுத்துத் தடிக்க வைக்கும். 1 லென்ஸோடு எதிர் நடைபாதைக்குப் போங்கள். அப்படியும் மேல்மாடி அடங்காவிட்டால் எதிர்க்கடையின் முதல் மாடியில் அனுமதி கேட்டு அங்கிருந்து எடுப்பதுதான் உத்தமம். செயலியில் நிமிர்த்தப் போகிறீர்கள் என்றால் இரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள். நிமிர்த்தும்போது மூலைகள் போய்விடும். முழுக்க நிமிர்த்தினால் கட்டடம் தலை பெருத்துத் தெரியும். ஒரு துளி சாய்வை அப்படியே விடுங்கள்.

இன்னொன்று: 60 ஆண்டு தாண்டிய கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ, 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டப்படி மாகாண மரபு அமைப்பின் அனுமதி வேண்டும். உங்கள் படம் நாளைக்கு ஆட்சேப மனுவோடு போகலாம். ஆகவே ஃபில்டர் வேண்டாம், மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். முதல் படத்தில் தெருப்பெயர்ப் பலகை வரட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தேதி, இடம், லென்ஸ் விவரம் எல்லாம் கழன்றுவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியிலிருந்து ஆலைப் புகையை எடுக்கிறேன். ஒரு நாள் ஊரே மூழ்கினாற்போல் இருக்கிறது, மறுநாள் ஒன்றுமே இல்லை. எந்தப் படத்தை நம்புவார்கள்?
– வாசகி, மெர்பேங்க்

பதில்: புகையும் மூட்டமும் எதிர்வெயிலில் அடர்த்தியாகத் தெரியும், வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் அதே புகை பாதி மறைந்துவிடும். காலையில் ஒரு திசை, மாலையில் ஒரு திசை என்று எடுத்து ஒப்பிட்டால் எதிராளி ஒரே கேள்வியில் உங்களை மடக்கிவிடுவார். ஒரே இடம், ஒரே மணி, ஒரே ஜூம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிக் கைப்பிடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் போதும்.

குளிர்காலத்தில் காற்றில்லாத விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கும், அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் உட்காரும். புகை மேலே போக வழியில்லை. தென்மேற்குக் காற்றோடு மழை வந்து போன மறுநாள் எல்லாம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். இரண்டையும் எடுங்கள், காற்றின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையாக வருவதெல்லாம் புகை இல்லை. குழாய் வாயிலிருந்து சிறிது தூரத்தில் கரைந்து காணாமல் போனால் அது நீராவி. நீளமாக இழுபட்டுக்கொண்டே போனால்தான் புகை. நீராவியைப் புகை என்று எழுதி அனுப்பினால் உங்கள் மற்ற படங்களும் அதோடு அடிபட்டுப்போகும். 5 மடங்கு ஜூமில் எண்ணெய்த் தொட்டி வீட்டுக் கூரைமேல் ஏறி உட்கார்ந்தாற்போல் தெரிவதும் லென்ஸின் வேலைதான். அதை எடுங்கள், ஜூம் இல்லாத படம் ஒன்றையும் சேர்த்தே கொடுங்கள்.

கேள்வி: குப்பை மேடு, பாழடைந்த வீடு இவற்றைக் கறுப்பு வெள்ளையில் போட்டால் உருக்கமாக இருக்குமே?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உருக்கமாக இருக்கும், தகவல் போய்விடும். துரு, பாசி, ஈரக்கறை எல்லாமே நிறத்தில்தான் இருக்கின்றன. கறுப்பு வெள்ளையில் ஈரச்சுவரும் நிழல் விழுந்த சுவரும் ஒன்றுதான்.

கேள்வி: கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்து மரக்கதவுகளின் செதுக்கு வேலை என் படத்தில் தட்டையாக வருகிறது.
– வாசகி, டர்பன்

பதில்: 1875-இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த கோயில் வெள்ளத்தில் போனபோது மீட்கப்பட்ட கதவுகள் அவை, 1947-இல் கட்டிய இன்றைய ஆலயத்தில் பொருத்தப்பட்டவை. நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு, வெளிச்சம் மங்கிய பிறகு போங்கள். பகல் வெளிச்சமும் டார்ச்சும் கலந்தால் மரத்தின் நிறம் கெட்டுவிடும்.

போன் ஃபிளாஷை அணையுங்கள், நேர் வெளிச்சம்தான் தட்டையாக்குகிறது. போனை முக்காலியில் நிறுத்தி, டார்ச்சை இடப்பக்கம் சற்று மேலே, கதவுக்கு 15, 20 டிகிரி சாய்வில் பிடியுங்கள். ஒரு மீட்டரில் பிடித்தால் அருகிலுள்ள ஓரம் வெளுத்து மறு ஓரம் இருண்டுவிடும். டார்ச்சோடு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். கீழிருந்து மட்டும் காட்டாதீர்கள், புடைத்த உருவம் குழிந்தாற்போல் கண்ணை ஏமாற்றும்.

கேள்வி: டோங்காட் ஜகந்நாதர் கோயிலை டிரோனில் எடுக்கலாமா?
– வாசகர், டோங்காட்

பதில்: அனுமதியில்லாமல் முடியாது. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறக்கவிடக் கூடாது, லா மெர்சியிலுள்ள கிங் ஷாகா விமான நிலையம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் தடை இல்லாத ஊரிலும் ஆட்களிடமிருந்தும் கட்டடங்களிடமிருந்தும் 50 மீட்டர் விலகி நிற்க வேண்டும். தேங்காய் உடைக்கும் கூட்டத்தின் தலைக்கு மேல் ஓட்டும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே விட்டுவிடுங்கள்.