ரொக்கெட்டை விற்கலாம், வெள்ளப் படத்தை விற்கலாமா? வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

இந்தியா விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்ததில் இருந்து, "இஸ்ரோவையே குடுத்துப்போடலாமே" என்று ஒரு பக்கமும், "ஐயோ, நாட்டுச் சொத்து" என்று மறுபக்கமும் பேச்சு. செய்மதிப் படங்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அறிவியல் நகர், பொறியியல் மாணவன்: அண்ணை, இஸ்ரோவை உண்மையிலேயே வித்திட்டாங்களா?

இல்லைத் தம்பி. விற்றது வேறு, திறந்தது வேறு. தனியாருக்கு அனுமதி கொடுக்க 2020இல் இன்-ஸ்பேஸ் என்ற அமைப்பை அறிவித்தார்கள், 2023இல் விண்வெளிக் கொள்கை வந்தது. ஹைதராபாத்தின் ஸ்கைரூட் 2022 நவம்பரில் சின்ன ரொக்கெட் ஒன்றை ஏறக்குறைய 90 கிலோமீற்றர் உயரத்துக்கு விட்டது. சென்னையின் அக்னிகுல் 2024 மே மாதத்தில் தன் ரொக்கெட்டைச் சோதனை செய்தது. இரண்டும் சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ரொக்கெட் ஐந்தைக் கட்டும் வேலையை எச்ஏஎல், எல் அண்ட் டி என்ற இரண்டு கம்பனிகளின் கூட்டுக்குக் கொடுத்தார்கள். அதிலும் எச்ஏஎல் அரசுக் கம்பனிதான். இஸ்ரோவின் வருடச் செலவு 13,000 கோடி இந்திய ரூபாய் அளவில் வரும். அதை இன்றைக்கும் டெல்லிதான் கட்டுகிறது.

வவுனியா, ஆசிரியை: அமெரிக்காவில தனியார் வந்தாப் பிறகுதானே செலவு குறைஞ்சது?

குறைந்தது உண்மைதான் ரீச்சர். ஆனால் எப்படிக் குறைந்தது? ஸ்பேஸ்எக்ஸின் முதல் மூன்று ரொக்கெட்டும் தோற்றன, நாலாவதுதான் 2008 செப்டெம்பரில் சுற்றுப்பாதையைத் தொட்டது. அதே டிசம்பரில் நாசா பன்னிரண்டு பயணத்துக்கு 160 கோடி டொலர் ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தது. அரசாங்கம் அங்கே விலகிப் போகவில்லை, பெரிய வாடிக்கையாளராக நின்றது. வளர்ந்துவருகிற நாட்டில் அரசு கையை எடுத்தால் கம்பனி யாருக்கு விற்கும்? வெளிநாட்டுக்குத்தான்.

கண்டாவளை, கமக்காரர்: தம்பி, ரொக்கெட்டை ஆர் விட்டாலென்ன. மாரியில இரணைமடு வான்கதவைத் திறந்தா என்ரை வயல் தாழும். எனக்கு இதில என்ன கிடக்கு?

ஐயா, உங்களுடைய கேள்விதான் இதற்குள் பெரிய கேள்வி.

கார்த்திகை, மார்கழி வெள்ளத்தின்போது வானம் முழுக்க முகில். சாதாரணச் செய்மதிப் படத்தில் வெள்ளைப் பஞ்சைத் தவிர ஒன்றும் தெரியாது. ராடார் செய்மதி முகிலைத் துளைத்துக்கொண்டு பார்க்கும். அசையாமல் தேங்கி நிற்கிற நீரில் பட்ட ராடார் அலை வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், திரும்பி வராது. அதனால் அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். மழைக்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால், புதிதாகக் கறுத்த இடம்தான் தண்ணிக்குள் தாழ்ந்த வயல். ஒன்றைச் சொல்லவேண்டும்: பயிர் தண்ணிக்கு மேலே நின்றால் அவ்வளவு கறுக்காது, அதனால் வெள்ளம் சில இடத்தில் குறைவாகத் தெரியும். வயலை ஆள் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

ஐரோப்பாவின் சென்ரினல்-1 என்ற ராடார் செய்மதியின் படங்களை யாரும் காசில்லாமல் எடுக்கலாம். ஏன் காசில்லை? அமெரிக்காவில் ஒருக்கால் காசுக்கு விற்றுப் பார்த்துவிட்டார்கள், அதுதான். 1984இல் சட்டம் போட்டு, லான்ட்சாட் என்ற தன் செய்மதிகளின் படங்களை விற்கும் உரிமையைத் தனியார் கம்பனியிடம் அமெரிக்க அரசு கொடுத்தது. ஒரு படத்தின் விலை 4,000 டொலருக்கு மேல் ஏறியது. பல்கலைக்கழகங்கள் வாங்குவதைக் குறைத்தன, வறிய நாடுகளைப் பற்றிப் பேசவே தேவையில்லை. வருமானமோ அடுத்த செய்மதி கட்டக் காணாது. 1992இல் இன்னொரு சட்டம் போட்டுத் திரும்ப அரசே எடுத்துக்கொண்டது. 2008இல் பழைய படங்கள் உட்பட முழுக் களஞ்சியத்தையும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பிறகு பாவனை பல மடங்காகியது. அரசு விலகி நின்றால் விலை தனியாரின் கையில்தான்: அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை திறக்காத போகத்தில் மில்காரர் வைத்ததுதான் விலை என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ரொக்கெட் கட்டுகிற வேலையைத் தனியாரிடம் கொடுங்கள், எனக்கு மறுப்பில்லை. வானிலைச் செய்மதி, வெள்ளப் படம் இரண்டும் அரசின் கையில், இலவசமாக இருக்கவேண்டும். அதிலே விட்டுக்கொடுப்பு இல்லை.

புதுக்குடியிருப்பு: அரசிட்டை இருந்தா மட்டும் ஊழல் இல்லையோ?

யார் சொன்னது? இஸ்ரோவின் வணிகப் பிரிவு அன்ட்ரிக்ஸ், 2005இல் தேவாஸ் என்ற கம்பனியோடு செய்மதி அலைவரிசை ஒப்பந்தம் போட்டது. 2011இல் அதை அரசு ரத்துச் செய்தது. சர்வதேச நடுவர் மன்றம் 56 கோடி டொலருக்கு மேல் நட்டஈடு கட்டச் சொன்னது, இந்திய உச்ச நீதிமன்றமோ 2022இல் தேவாஸ் மோசடி செய்ததென்று தீர்த்தது. அனுமதி கொடுக்கிறவரும் விற்கிறவரும் ஒரே கூரைக்குள் இருந்தால் வருகிற வில்லங்கம் இது. இன்-ஸ்பேஸ் தனியாக நிற்பது நல்லது என்று நான் நினைப்பதும் இதனால்தான்.

முல்லைத்தீவு, கடற்றொழிலாளர்: கடலுக்கை விழுற ரொக்கெட்டுத் துண்டு தனியாற்றை எண்டா, என்ரை போட் உடைஞ்சால் ஆரிட்டைப் போறது?

நல்ல கேள்வி அண்ணை. 1972ஆம் ஆண்டுச் சர்வதேசப் பொறுப்பு ஒப்பந்தப்படி, பூமியில் விழுந்து சேதம் வந்தால் ஏவிய நாடே பொறுப்பு. கம்பனி தனியார் என்று நாடு கையை விரிக்க ஏலாது. பிழை யாருடையது என்று நிரூபிக்கவும் தேவையில்லை. 1978இல் சோவியத் செய்மதி ஒன்று கனடாவில் விழுந்தது, பிறகு 30 இலட்சம் கனேடிய டொலர் கட்டினார்கள். ஆனால் அரசு அரசிடம்தான் கேட்கும். உங்களுடைய முறைப்பாடு கொழும்பு வழியாகத்தான் போகவேண்டும், அங்கேதான் இழுபடும். துண்டு அகப்பட்டால் தொடாமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கடற்படைக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். மிச்ச எரிபொருள் நஞ்சாக இருக்கலாம்.

மன்னார்: குலசேகரபட்டினத்தில ஏன் ரொக்கெட் விடப் புதுத்தளம்?

இஸ்ரோவின் பழைய தளமான ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நேரே தெற்கே விட்டால் வழியில் நாங்கள் இருக்கிறோம். இலங்கையைச் சுற்றி வளைக்க எரிபொருள் போகிறது, சின்ன ரொக்கெட்டுக்கு அது பெரிய நட்டம். தூத்துக்குடிக் கரையில் இருந்தால் நேரே கடல்தான். தனியார் கம்பனிகளும் அதைத்தான் எதிர்பார்த்திருக்கின்றன.

மல்லாவி: இலங்கை சொந்தமா ஒண்டு தொடங்கலாமே?

ராவணா-1 என்ற கைக்கடக்கமான செய்மதியை 2019இல் விட்டோம், பழகுவதற்கு நல்லது. ஆனால் அடுத்ததற்குக் காசு இருந்தால், நான் அதை மாவட்டத்துக்கு இரண்டு பிள்ளைகளை இந்த ராடார் படம் வாசிக்கப் பழக்கச் செலவழிப்பேன். படம் இலவசமாக வருகிறது. கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், அதைத் திறந்து பார்க்க ஆளில்லை.