மண் அணைக்குள் நீர் தேடும் வழி: கேள்வி பதில்

கொழும்பிலுள்ள மாணவர்களும் பிறரும் மண் அணைகளின் உடைவு குறித்துக் கேட்டவற்றுக்கு, நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் அளித்த பதில்கள்.

மொறட்டுவையில் குடிசார் பொறியியல் கற்கும் மாணவி: ஐயா, அமெரிக்காவின் டீட்டன் அணை முதல் நிரப்பலிலேயே ஏன் உடைந்தது?

ஐடஹோ மாநிலத்தில் சுமார் 93 மீற்றர் உயரத்தில் எழுப்பப்பட்ட அந்த அணை, நீர்த்தேக்கம் முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்த 1976 யூன் 5 ஆம் திகதி உடைந்து, 11 பேர் உயிரிழந்தனர். அணையின் நடுக்கருவுக்கு, காற்று கொண்டுவந்து படியவைத்த நுண்வண்டலைப் பயன்படுத்தியிருந்தார்கள். எவ்வளவு இறுக்கினாலும் ஓடும் நீர் அதனை எளிதில் அரித்துவிடும். அதனுடன் சேர்ந்த வலது கரைப் பாறையோ வெடிப்புகள் நிறைந்தது. அப்பாறையில் ஆழமாகவும் ஒடுக்கமாகவும் வெட்டிய அகழியை அதே வண்டலால் நிரப்பினார்கள். ஒடுங்கிய அகழியில் மண்ணின் பாரத்தில் ஒரு பகுதியைப் பக்கச் சுவர்கள் ஏந்திக்கொள்வதால், அடிமண்ணின் அமுக்கம் குறைந்து, நீரமுக்கம் அதைப் பிளக்க இடம் ஏற்படுகிறது. நீர் முதலில் அந்தப் பிளவால் நுழைந்ததா, பாறை வெடிப்பை ஒட்டி நுழைந்ததா என்பதை விசாரணைக் குழு அறுதியிடவில்லை. என் பார்வையில் அது இரண்டாம்பட்சமே. எவ்வழியாக நுழைந்தாலும் மண் துகள்களைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டிப் படை அங்கு இருக்கவில்லை.

அதே மாணவி: அபாயத்தை முன்கூட்டியே அறிய முடியவில்லையா?

உடைவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னரே அணைக்குக் கீழே தெளிந்த ஊற்றுகள் தென்பட்டன. கலங்கிய நீர் உடைந்த அன்று காலை ஏழு மணிக்குப் பிறகே காணப்பட்டது. நண்பகலுக்குச் சில நிமிடங்கள் முன்பு அணையின் உச்சி சரிந்தது. துவாரத்தை மண்ணால் அடைக்க அனுப்பிய புல்டோசர்கள் இரண்டும் அதற்குள்ளேயே விழுந்தன. பிரதான வெளியேற்று வழி முடிவுறாத நிலையில் தேக்கத்தை நிரப்பியதால், நீர்மட்டத்தை விரைவாக இறக்கவும் இயலவில்லை. நான் அதிகம் குறைகாண்பது இந்தத் தீர்மானத்தைத்தான்.

வெள்ளவத்தையில் வசிக்கும் திருகோணமலைக்காரர்: கந்தளாய்க் குளக்கட்டு கனரக வாகனங்கள் ஓடியதால் உடைந்ததாகச் சொல்கிறார்களே?

1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலையில் நேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அவ்வுடைவுக்கு அப்படியொரு விளக்கம் சொல்லப்படுவது உண்மைதான். ஆயினும் கட்டின் உச்சியில் செல்லும் வாகனத்தின் பாரம் ஆழத்துக்குச் செல்லச் செல்லப் பரவிக் குறைந்துவிடும் என்பதால், அதை மட்டும் போதிய காரணமாக நான் ஏற்பதில்லை. பழங்கட்டொன்றை ஆராயும்போது துருசு, குழாய், கொங்கிறீற்றுச் சுவர் போன்றவை மண்ணைச் சந்திக்கும் இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவ்விடங்களில் மண்ணை இறுக்குவது கடினம்; நீரும் அந்த விளிம்பையே தேடிச் செல்லும்.

பம்பலப்பிட்டி வாசகர்: சமனலவெவ நீர்த்தேக்கம் பல ஆண்டுகளாகக் கசிகிறது. அதுவும் உடையுமா?

அங்கு 1992 இல் வெளிப்பட்ட கசிவு அணையின் உடலினூடாக அன்றி, வலது கரையின் பாறைக்குள்ளால் செல்வது. கீழேயுள்ள கல்தொட்டை வயல்களுக்கு அந்நீர் பயன்படுகிறது. கசிவு என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சத் தேவையில்லை. அதன் அளவு நீர்மட்டத்துக்கு ஒத்துக் கூடிக் குறைகிறதா, நீர் தெளிந்திருக்கிறதா என்பனவே கேள்விகள். நீர்மட்டம் மாறாதிருக்கையில் கசிவு கூடினாலோ, நீர் கலங்கினாலோ, உள்ளே மண் அரிபட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

மற்றொரு மாணவர்: வடிகட்டி மணலை எவ்வாறு தெரிவது?

மண் பொறியியலின் முன்னோடியான ரெர்சாகி வகுத்த விதி இன்றும் அடிப்படையாக உள்ளது. காக்கப்பட வேண்டிய மண்ணின் 85 சதவீதம் எந்தத் துகள் அளவுக்கு உட்பட்டதோ, அதன் நான்கு மடங்குக்குள், மணலின் 15 சதவீதம் உட்படும் துகள் அளவு அமைய வேண்டும். மணல் அதிலும் பருமனாயின் மண் தப்பிச் செல்லும். மிக நுண்ணியதாயின் நீர் வடியாது அமுக்கம் ஏறும். எனவே மேல் எல்லையுடன் கீழ் எல்லையையும் சரிபார்க்க வேண்டும். கணக்குச் சரியாக இருந்தாலும், ஏற்றி இறக்கும்போது பருமணலும் நுண்மணலும் பிரிந்துவிட்டால் பயனில்லை. மேற்பார்வையாளர் களத்தில் நின்றே ஆக வேண்டும்.

தெஹிவளை வாசகி: குளக்கட்டில் நிழலுக்கு மரங்கள் நடலாமா?

கூடாது. மரம் பட்டபின் உக்கும் வேர் நீருக்குக் குழாயாகிவிடும். புதர்கள் கசிவை மறைத்து, எலி வளைகளுக்கும் இடந்தரும். புல் போதுமானது.