புகுந்த வீட்டில் அம்மாவிடம் போனில் தனியாகப் பேச எனக்கு உரிமை இல்லையா?

கேட்டிருக்கும் பெண் கல்யாணமாகி பெங்களூருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மா கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொல்கிறார்களாம். கணவர் வாங்கிக் கொடுத்த போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகிறதாம். கேட்டால், "மறைக்க ஒன்றும் இல்லை என்றால் உனக்கு என்ன பயம்?" என்கிறாராம்.

உரிமை உண்டு, அம்மா. சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

1994-இல் அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கூட்டுக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனேன். பிறந்த வீடு தூரம் இல்லை. பழைய மெட்ராஸ் ரோட்டிலேயே போனால் தூரவாணி நகர். தூரவாணி என்றால் கன்னடத்தில் தொலைபேசி. 1948-இல் தொடங்கிய ஐடிஐ தொலைபேசித் தொழிற்சாலையை ஒட்டி உருவான குடியிருப்பு அது. அப்பா அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார். வீட்டில் போன் இல்லை. அம்மா வாரம் ஒரு நாள் எஸ்டிடி பூத்துக்கு வந்து என்னைக் கூப்பிடுவாள்.

எங்கள் வீட்டுப் போன் ஹாலில் இருந்தது. அதே லைனில் மாமனார் அறையில் இன்னொரு போன், பேரலல் கனெக்‌ஷன். நான் "அம்மா" என்று ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே அம்மாவின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல மெலியும். மாமா ரிசீவரை எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நானும் அம்மாவும் ஒரு குறிப்பு வைத்துக்கொண்டோம். "அங்கே மழையா?" என்று நான் கேட்டால் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பங்குனி வெயிலிலும் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

இதனால் எனக்கு என்ன நஷ்டம் என்று இப்போது கேட்டால் ஒன்றைச் சொல்வேன். அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகியும் எனக்குத் தெரியாது. சம்பந்தி கேட்டுக்கொண்டிருக்கும் லைனில் எந்தப் பெண் தன் கர்ப்பப்பையைப் பற்றிப் பேசுவாள்? மூன்று வாரமும் "நல்லா இருக்கேண்டி, நீ சாப்டியா?" என்றே பேசினாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் தம்பி நேரில் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. நமக்கு மறைக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நம்மிடம் மட்டும் சொல்ல ஒரு விஷயம் இருக்கும் ஒருத்தி, லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் போனில் பதிவாவது உங்கள் பேச்சு மட்டும் இல்லை, உங்கள் அம்மாவின் பேச்சும்தான். அவரிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா?

ஆபரேஷன் முடிந்து அம்மா தேறிய பிறகு அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. காபி குடித்துவிட்டு மாமாவிடம், "சம்பந்தி, ரெண்டு போன் ஒண்ணா இருந்தா லைன்ல பவர் குறைஞ்சுடும். ஒரு சுவிட்ச் போட்டுத் தரேன், சத்தம் நல்லா கேக்கும்" என்றார். அது பொய்யில்லை. ரிசீவர் வைத்திருக்கும்போது கம்பியில் 48 வோல்ட் இருக்கும், எடுத்ததும் பத்து வோல்ட் பக்கம் இறங்கிவிடும். இரண்டாவது போனையும் எடுத்தால் வருகிற கரண்டை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும், குரல் மெலியும். பையிலிருந்து ஒரு சின்ன சுவிட்சை எடுத்து ஹால் சுவரில் பொருத்தினார். ஒரு பக்கம் தள்ளினால் ஹால் போன், இன்னொரு பக்கம் தள்ளினால் அறைப் போன். இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது. மாமாவின் மரியாதைக்கும் குறைவு வரவில்லை. அப்பா செய்த நல்ல காரியங்களில் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வரும்.

அது 1996. அதே வருடம் டிசம்பர் 18 அன்று, பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் இடையூறு இல்லாமல் தனிமையில் போனில் பேசுவது அந்தரங்க உரிமையில் சேரும், அது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு காக்கும் உரிமை என்றது. அதுவரை 1885-ஆம் வருடத்து தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவை வைத்துக்கொண்டு அரசு ஒட்டுக்கேட்டு வந்தது. எப்படிச் செய்ய வேண்டும் என்ற விதிமுறை இல்லை. பெங்களூர்க்காரர்களுக்கு அந்தக் காலம் மறக்காது, 1988-இல் ராமகிருஷ்ண ஹெக்டே முதல்வர் பதவியை விட்டதே போன் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில்தான். உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும், அது இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு வேலி போட்டது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே உறுதி செய்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்த புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய சட்டத்தின் இடத்துக்கு 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தாலும் அந்த வேலி போய்விடவில்லை. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது, குற்றத்தைத் துப்பறிவதற்காகக்கூட ரகசியமாக ஒட்டுக்கேட்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது.

ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் அரசுக்கு எதிரான பாதுகாப்பு. வீட்டுக்குள் சட்டம் இவ்வளவு தெளிவாக இல்லை. மனைவி மற்றவர்களோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்தது அவளுடைய அந்தரங்கத்தை மீறிய செயல் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம், கணவன் மனைவி வழக்கில், மனைவி தன்னோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்ததைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. இதைக் காட்டி "கோர்ட்டே சரின்னு சொல்லிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்வது வேறு, தினமும் பெண்டாட்டியின் பேச்சைப் பதிவு செய்வது வேறு. தம்பதிகள் ஒருவரை ஒருவர் உளவு பார்க்கும் நிலை வந்தால் அதுவே உறவு முறிந்துபோனதன் அறிகுறி என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அந்தப் பகுதியை உங்கள் கணவர் அவசியம் படிக்க வேண்டும்.

இப்போது என்ன செய்யலாம்? போனின் அழைப்பு செட்டிங்ஸில் தானியங்கிப் பதிவு இருக்கும். அதை நீங்களே ரகசியமாக அணைக்காதீர்கள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இதை அணைக்கிறேன், அம்மாவுக்காக" என்று சொல்லி அணையுங்கள். ஸ்பீக்கர் விஷயத்தில் சண்டை வேண்டாம். போன் வந்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். நான்கு நாள் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும். இதற்கெல்லாம் மிரட்டலோ, போனைப் பிடுங்கி வைப்பதோ பதிலாக வந்தால் அது வேறு கதை. 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை, வார்த்தையாலும் மனத்தாலும் படுத்தும் கொடுமையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள், தயங்காதீர்கள்.

மாமாவைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். போனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பல வருடம் காத்திருந்து வாங்கியவர் அவர். கனெக்‌ஷன் அவர் பெயரில், பில் கட்டுவதும் அவர். அதனால் அதில் ஓடும் பேச்சும் தன்னுடையது என்று நம்பினார். உங்கள் கணவரும் "நான் வாங்கிக் கொடுத்த போன்" என்றுதான் நினைக்கிறார் போல.

சில வருடம் கழித்து மாமாவின் தங்கைக்குச் சேலத்தில் உடம்பு மோசமானது. ஒரு நாள் ராத்திரி போன் வந்தது, நான் எடுத்தேன். "மாமா, அத்தை பேசறாங்க" என்றேன். வந்து ரிசீவரைக் கையில் வாங்கினவர் ஹாலில் நாங்கள் எல்லோரும் இருப்பதைப் பார்த்தார். திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டு, "சுவிட்சை என் ரூமுக்குத் தள்ளும்மா" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.