'ஆம்' உதிர்ந்த செய்திகள்: தமிழாசிரியரிடம் கேள்வி பதில்

அக்கரைப்பற்று ஆசிரியை: சேர், தரம் 9 பிள்ளைகளுக்கு வதந்தியை இனங்காணக் கற்பிக்க எங்கே தொடங்குவது?

இலக்கண வகுப்பிலேயே தொடங்குங்கள் ரீச்சர். கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்துச் சொல்ல நம் மொழியில் 'ஆம்' என்ற ஓர் ஒட்டு இருக்கிறது. 'கலந்தார்கள்' என்பவர் பொறுப்பேற்கிறார். 'கலந்தார்களாம்' என்பவர் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். நான்கு வட்ஸ்அப் குழுக்களைத் தாண்டுவதற்குள் அந்த 'ஆம்' உதிர்ந்துவிடுகிறது. கேள்விப்பட்டது கண்டதாகிவிடுகிறது.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்ததை வகுப்பில் பேசுங்கள். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக்கடைக் கறியில் மலடாக்கும் குளிசை (மாத்திரை) இருப்பதாகச் சொல்லி, சிங்களம் சரளமாக வராத காசாளரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவர் வாயிலிருந்து வந்த, ஒப்புதல் போன்ற சொல் காணொளியாகப் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாவுக்கட்டி.

பிள்ளைகளிடம் ஒரு வினாவைக் கொடுங்கள்: 'நீ போட்ட குளிசை எங்கே?' இதற்கு என்ன பதில் சொன்னாலும் குளிசை போட்டது உறுதியாகிவிடும். குற்றச்சாட்டு 'போட்ட' என்ற பெயரெச்சத்துக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, தனி வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதும் சான்று எங்கே என்று அவர்களே கேட்பார்கள்.

களுவாஞ்சிகுடி: பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் செயலி எது?

வாக்கியத்தை உங்களுக்காக வாசித்துத் தரும் செயலி எனக்குத் தெரியாது.

கல்லடி: 'ஆம்' போட்டால் வதந்தி நல்லதாகிவிடுமா? எங்கள் ஊரில் பழி சொல்பவர்களெல்லாம் 'ஆம்' போட்டுத்தான் சொல்கிறார்கள்.

நியாயமான கேள்வி. 'ஆம்' ஒரு கேடயமாகவும் பயன்படுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஏறாவூர்: அப்படியானால் பத்திரிகையின் 'கூறப்படுகிறது' மேலானது அல்லவா? அதில் நிதானம் இருக்கிறது.

இங்கேதான் நான் உடன்படவில்லை. 'வந்தானாம்' என்ற ஆச்சியிடம் 'யார் சொன்னது?' என்று கேட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டுவார். 'கூறப்படுகிறது' என்பதில் கூறியவரே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? செயப்பாட்டுவினையைச் செய்வினையாக்கச் சொல்லுங்கள். எழுவாய் கிடைக்காத இடத்தில் கோடு போட்டு வெறுமையாக விடட்டும். ஒரு செய்தியில் ஐந்து வெற்றுக்கோடுகள் விழுந்தால் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கல்லடி: செய்தி தந்தவரின் உயிரைக் காக்க அவர் பெயரை மறைப்பதும் உண்டே? போர்க்காலத்தில் இங்கே வேறு வழி இருக்கவில்லை.

உண்டு, அதை மதிக்கிறேன். ஆனால் காக்க மறைத்தவர், ஏன் மறைக்கிறேன் என்றாவது சொல்வார். அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வாழைச்சேனை: போலியைக் கண்டறிய நல்ல செயலி சொல்லுங்கள்.

களுவாஞ்சிகுடிக்குச் சொன்னதேதான். தயவுசெய்து மேலே வாசியுங்கள்.

காத்தான்குடி: பொய் என்று தெரிந்த செய்தியை 'இது பொய்' என்று எழுதிக் குழுவில் போடலாமா?

வேண்டாம். எத்தனை தடவை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் இரண்டு சொல் அடுத்த குழுவுக்குள் கழன்றுவிடும், படம் மட்டும் போகும். உண்மையை மட்டும் உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள்.

திருக்கோவில்: கடல் வருகிறது என்று செய்தி வந்தாலும் இலக்கணம் பார்ப்பதா?

இல்லை தம்பி. 2004 டிசம்பரைக் கண்ட கரை இது. முதலில் பிள்ளைகளோடு மேட்டுக்குப் போங்கள். அங்கிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேளுங்கள். அதுவரை யாருக்கும் அனுப்பாதீர்கள். மேட்டுக்குப் போகும்போதே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். தட்டியவர் யாரென்று அவர்களுக்குத் தெரியும்.