வாசகர் கேள்வி: நின்று நின்று பாடும் இணைய வானொலி

கேள்வி: எங்கள் வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஹாலில் உள்ள மியூசிக் ஸ்ட்ரீமரில் இணைய வானொலி காலையில் நன்றாகப் பாடுகிறது. மாலை 7 மணிக்கு மேல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது. அதே நேரம் டிவியில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடுகிறது. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறலாமா? (வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: மாறாதீர்கள், காசுதான் வீண். பல வானொலிகள் 128 கேபிபிஎஸ்ஸில் ஒலிபரப்பாகின்றன. உங்கள் இணைப்பில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு மணி நேரம் கேட்டாலும் 58 எம்பிதான் செலவாகும்.

வீடியோ ஓடும்போது வானொலி மட்டும் நிற்பதற்குக் காரணம் உண்டு. படத்தின் அடுத்த ஒரு நிமிடத்தை டிவி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் பத்து நொடி இணைப்பு அறுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நேரலை வானொலியில் அடுத்த நிமிடம் இன்னும் ஒலிபரப்பாகவே இல்லை. கையிருப்பு சில நொடிகள்தான்.

அந்தக் கையிருப்பு எவ்வளவு என்று அளந்து பாருங்கள். பாடிக்கொண்டிருக்கும்போது ரவுட்டரை அணைத்துவிட்டு, சத்தம் நிற்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். பஃபர் (இந்தக் கையிருப்பின் பெயர்) 256 கேபி என்றால் 128 கேபிபிஎஸ் நிலையம் சுமார் 16 நொடி தாங்கும். மூன்று, நான்கிலேயே அடங்கிவிட்டால் ஸ்ட்ரீமரின் செட்டிங்ஸில் பஃபர் அளவு இருக்கிறதா என்று தேடி, அதிகமாக்குங்கள். நிலையத்தை மாற்றும்போது சற்றுத் தாமதமாகப் பாட ஆரம்பிக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஒரே ஒரு மாலை ஸ்ட்ரீமரை ரவுட்டர் பக்கத்தில் வைத்து லேன் கேபிளில் இணைத்துக் கேளுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு வேறு எதை மாற்றினாலும் இருட்டில் தேடுவதுதான். கேபிளில் ஒழுங்காகப் பாடினால் கோளாறு வைஃபையில். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் மாலையானால் எல்லா வீட்டிலும் வைஃபை ஓடும், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். போனில் வைஃபை அனலைசர் செயலியைப் போட்டு, இம்மூன்றில் எதில் கூட்டம் குறைவு என்று மாலை நேரத்திலேயே பாருங்கள். காலையில் பார்த்துப் பயனில்லை. ரவுட்டர் செட்டிங்ஸில் சேனலை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து அந்த எண்ணில் நிறுத்துங்கள், அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். உச்ச வேகம் குறையும், ஆனால் ஓட்டம் சீராகும். ஸ்ட்ரீமர் 5 கிகாஹெர்ட்ஸை ஏற்கும், இடையில் ஒரு சுவர்தான் என்றால் அதற்கே மாறிவிடுங்கள். சேனல் 36 முதல் 48-க்குள் வையுங்கள்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ டிவிக்குப் பின்னாலோ இருந்தால் வெளியே எடுத்து, ஆள் உயரத்தில் மாட்டுங்கள். ஸ்ட்ரீமர் இருக்கும் இடத்தில் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதைவிட நன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 75-க்கும் கீழே போனால் அறுபடத்தான் செய்யும்.

கேபிளிலும் நிற்கிறதா? போனில் பிங் செயலியால் (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்ப்பது) முதலில் ரவுட்டரையும் (பெரும்பாலும் 192.168.1.1), பிறகு 8.8.8.8-ஐயும் (வெளியே உள்ள கூகுள் சர்வர்) ஐந்தைந்து நிமிடம் சோதியுங்கள். ரவுட்டர் தவறாமல் பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் விட்டுவிட்டு வந்தால் கோளாறு வெளியில். அந்த எண்களைக் காட்டி இணைப்பு தருபவரிடம் புகார் செய்யுங்கள்.

கேள்வி: எஸ்டேட் பங்களாவில் சிம் போடும் 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறோம். பனிமூட்டம் இறங்கினாலே இணைய வானொலி நின்றுவிடுகிறது. பனி சிக்னலைத் தடுக்கிறதா? (வாசகர், ஏற்காடு)

பதில்: பனிமேல் பழி போட வேண்டாம். 4ஜி அலைவரிசைகளில் பனிமூட்டத்தால் ஏற்படும் இழப்பு மிகமிகக் குறைவு. ஆனால் நனைந்த சில்வர் ஓக் இலைகள் சிக்னலை உறிஞ்சும். ஈர நாட்களில் மரக்கிளை உரசி மின்சாரம் கண் சிமிட்டுவதும் உண்டு. விளக்கு ஒரு கணம் மங்கினாலே ரவுட்டர் அணைந்து, மறுபடி எழ ஓரிரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். வானொலி நிற்கும் நேரத்தில் ரவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். எல்லாம் அணைந்து முதலிலிருந்து எரிந்தால் மின்சாரம்தான் காரணம். மினி யுபிஎஸ் வாங்குங்கள். ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட்டும் (12 என்றால் 12) பின்னின் துருவமும் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. ஸ்ட்ரீமருக்கும் தனியாக ஒன்று தேவைப்படலாம்.

விளக்குகள் எரிந்துகொண்டேயிருந்தால் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி எண்ணைப் (4ஜி சிக்னலின் வலிமை) பாருங்கள். மைனஸ் 90-க்குள் இருந்தால் நல்லது, மைனஸ் 110 என்றால் மோசம். பழைய கல் சுவரை அலை தாண்டுவது கடினம்; எனவே ரவுட்டரை ஒவ்வொரு ஜன்னலாக வைத்து, எண் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கேயே நிறுத்துங்கள். அங்கிருந்து ஸ்ட்ரீமருக்கு வீட்டுக்குள்ளேயே லேன் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். வெளிச்சுவர் வழியாக இழுக்காதீர்கள். இடி மழை தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: எல்லா நிலையமும் பாடுகிறது, ஒன்று மட்டும் நிற்கிறது. ஸ்ட்ரீமரை மாற்ற வேண்டுமா? (வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்)

பதில்: தேவையில்லை. அதே நிலையத்தைப் போனில் மொபைல் டேட்டாவில் கேளுங்கள். அங்கும் நின்றால் கோளாறு நிலையத்தின் சர்வரில்தான். போனில் பாடினால், ஸ்ட்ரீமரின் பட்டியலில் உள்ள முகவரி பழையதாக இருக்கலாம். நிலையத்தின் இணையதளத்திலிருந்து புதிய முகவரியை எடுத்து நேரடியாகச் சேர்த்துவிடுங்கள்; 64 கேபிபிஎஸ் ஏஏசி வடிவமும் (குறைந்த டேட்டாவில் ஓடும் ஒலி வடிவம்) கொடுத்திருந்தால் அதையும் கூடவே சேர்த்து வையுங்கள்.